கண்ணாடிக்கு முன்னால் ஐந்து மாதம்

அத்தியாயம் 14

1981 நவம்பர் 9, திங்கட்கிழமை. புதுதில்லி, கிழக்குக் கிட்வாய் நகர். காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, ஆறரைக்கு நின்றது.

அந்த முக்கால் மணி நேரத்துக்குள் பூங்கோதை நான்கு வாளி பிடித்து வைத்து, குளித்து, குக்கரை ஏற்றிவிட்டு, படுக்கையறை பீரோவில் பதித்திருந்த கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"நான் தெளிவாகப் பேசுகிறேன்" என்றாள் கண்ணாடியிடம். "எனக்குத் தெரிந்ததைத் தயங்காமல் சொல்கிறேன். தெரியாததைக் கேட்க எனக்குக் கூச்சமில்லை. என் இடத்தில் நான் உறுதியாக நிற்கிறேன்."

ஜூன் மாதம் தொடங்கிய பழக்கம். நான்கு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் இருபது முறை. லூ என்கிற கோடை அனல்காற்று அடித்த நாட்களில் மின்விசிறி நின்றுபோயிருக்கும், அப்போதும் சொன்னாள். ஆகஸ்டில் நான்கு நாள் காய்ச்சல் வந்தபோது கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

வாக்கியங்களை எழுதிக் கொடுத்தவர் அவள் கணவர் மாணிக்கவாசகம். மத்திய அரசில் ஓர் அமைச்சகத்தில் உதவியாளர். ஞாயிறு விட்டு ஞாயிறு ஆர்.கே.புரத்தில் ஒரு வாடகைக் கூடத்தில் 'தன்னம்பிக்கை வட்டம்' நடத்துகிறார். நாற்பது பேராவது வருவார்கள். பதவி உயர்வு கிடைக்காத குமாஸ்தாக்கள், பேச்சு வராத பையன்கள், கல்யாணமாகாத பெண்களைப் பெற்றவர்கள். எல்லாரையும் கண்ணாடி முன் நிற்கச் சொல்லுவார்.

"கண்ணப் பாத்துச் சொல்லு, பூங்கோத" என்றார் அவர் வாசற்படியில் சாய்ந்துகொண்டு, டீ டம்ளரோடு. "நெத்தியப் பாக்காத. பேசுவேன்னு சொல்லிராத. பேசுகிறேன். நாளைக்குன்னு சொன்னா மனசு நாளைக்கே வச்சுக்கிடும்."

"தெரியும். எத்தன நாளு சொல்லுவிய?"

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே மகள் வள்ளியம்மை எட்டிப் பார்த்தாள். பதினான்கு வயது. தில்லியில் பிறந்தவள். அவளுடைய தமிழில் பாதி இந்தி.

"அரே அப்பா, இனிமே அம்மாவ விட்ருங்க. மிரரே இன்டர்வ்யூக்குப் போயிட்டு வந்துரும். அதுக்கு எல்லாம் பை ஹார்ட்."

"வாயப் பாரு!"

"ஆல் தி பெஸ்ட்ம்மா. ஜல்தி, எனக்கு பஸ் போயிரும்."

சமையலறையில் மாணிக்கவாசகத்தின் தங்கை தங்கம் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது. நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆறு வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா தில்லிக்காரர், வட்டத்துக்குத் தவறாமல் வருபவர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

"மதினி, எலுமிச்சஞ்சாதம் வச்சிருக்கேன்" என்றாள் டப்பாவைப் பார்த்தபடி.

"நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? எனக்குல்லா இன்டர்வ்யூ?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி சரியா ஒறங்கல."

மாணிக்கவாசகம் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவதற்கு முன் திரும்பி வந்து, பூங்கோதையின் தோளில் கை வைத்தார். மகள் எதிரில் அவர் அப்படிச் செய்வதில்லை.

"என்ன நடந்தாலும் மனசு விட்ராத. என்ன? நடக்கது எல்லாம் நம்ம கையில இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வட்டத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. பூங்கோதை அதை அப்போது கவனிக்கவில்லை.

*

நேர்காணல் பதினொரு மணிக்கு. அவள் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் அதே இயக்குநரகத்தில், ஆர்.கே.புரத்தில், இரண்டாவது மாடியில்.

பூங்கோதை அங்கே மேல்நிலை எழுத்தர். விடுப்பு விதிகள், ஓய்வூதிய விதிகள் எல்லாம் விரல்நுனியில். மற்ற பிரிவுகளிலிருந்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வருவார்கள். ஒருவரோ இருவரோ நின்று கேட்டால் உட்பிரிவோடு சொல்லுவாள். நான்கு பேர் சேர்ந்து அவளையே பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரிக்கு வழியனுப்பு விழாவில் இரண்டு வார்த்தை பேச அவளை மேடைக்கு அழைத்தார்கள். ஏறினாள், மாலையைப் போட்டாள், இறங்கினாள். அது நான்கு வருடத்துக்கு முன். இன்னும் அவளுக்கு அந்த அலுவலகத்தில் 'மாலா மேடம்' என்று ஒரு பெயர் உண்டு.

ஜூன் மாதம் பயிற்சிப் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. புதிதாகச் சேரும் எழுத்தர்களுக்கு விதிகளைக் கற்றுக் கொடுக்கும் வேலை. ஒரே ஓர் இடம். தேர்வானவருக்கு முதலில் ஹைதராபாத்தில் நான்கு மாதப் பயிற்சி. "போடு" என்றார் மாணிக்கவாசகம். அன்று மாலையே நான்கு வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, வட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அவளை மேடையேற்றி அவற்றைச் சொல்லவும் வைத்தார். சொன்னாள். குரல் முதல் வாக்கியத்தில் நடுங்கி, மூன்றாவதில் நிலைப்பட்டது. கைதட்டினார்கள். போன வாரம் இந்த இடம் வரை வந்தோம்.

தாழ்வாரத்து பெஞ்சில் ஜலஜா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கணக்குப் பிரிவு. தஞ்சாவூர்க்காரி. அவளும் அதே பதவிக்கு வந்திருந்தாள்.

"வாடி பூங்கோதை! கண்ணாடிகிட்ட பர்மிஷன் வாங்கிண்டு வந்துட்டியோ?"

"வாங்கியாச்சுக்கா. லீவ் சேங்ஷன் ஆயிருச்சு."

"நேத்திக்கு உங்காத்துக்காரர் ஜமாய்ச்சுட்டாராமே. எங்காத்து மனுஷர் வந்து ஒரே புகழாரம். 'அந்தப் பொண் எப்படி நின்னா தெரியுமோ'ன்னு. நானும் அதே போஸ்ட்டுக்குத்தான்னா போறேன், என்னை ஒரு முக்காலியிலாவது ஏத்தி விடுங்கோன்னேன். பேப்பரைத் தூக்கிண்டுட்டார்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. தொண்டை அடைக்கவில்லை. அதை அவள் எச்சிலை விழுங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

பதினொன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பியூன் பட்டியலோடு வந்தான். அவள் பெயரை அந்த அலுவலகத்தில் எந்தப் பியூனும் ஒரே மூச்சில் படித்ததில்லை. பூன், கோ, தாய் என்று தடுக்கி விழுவார்கள். அந்தத் தடுக்கலுக்காகக் காத்திருந்தாள். அவன் ஏழு பெயர்களைத் தங்குதடையில்லாமல் படித்துவிட்டுத் தாளை மடித்தான்.

"என் பேரு?"

"பஸ், சாத் ஹீ ஹைன்" என்றான். ஏழுதான்.

ஜலஜா அவளையே பார்த்தாள். "உனக்குக் கால் லெட்டர் வந்துதோன்னோ?"

"வந்துச்சு. பையில இருக்கு."

ஐந்து மாதத்துக்கு முந்தைய பூங்கோதையாக இருந்தால் அப்போது என்ன செய்திருப்பாள் என்பதில் சந்தேகமில்லை. தன் மேஜைக்குப் போய் ஒரு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணீர் தாளில் விழாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டால் 'தலைவலி' என்பாள். மாலையில் வீட்டுக்குப் போய் 'என் பேரு வரல' என்று மட்டும் சொல்லுவாள்.

தெரியாததைக் கேட்க எனக்குக் கூச்சமில்லை. அன்று காலை இருபது முறை சொன்னது. ஐந்து மாதத்தில் மூவாயிரம் முறையாவது இருக்கும். அது அவளைக் கேட்காமலே அவள் காலை நகர்த்திற்று.

நிர்வாக அதிகாரி சப்ராவின் அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

*

"மேடம், இப்போது நேரமில்லை" என்றார் சப்ரா இந்தியில். "போர்டு உட்கார்ந்துவிட்டது."

"அதனால்தான் வந்தேன். எனக்கு அழைப்புக் கடிதம் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று தெரிய வேண்டும்."

சப்ரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பதினான்கு வருடத்தில் மாலா மேடம் இத்தனை நீளமாக அவரிடம் பேசியதில்லை.

"நீங்கள்தானே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தீர்கள்?"

"நானா?"

அவர் மணியை அடித்து ஃபைலை வரவழைத்தார். பச்சை நாடாவை அவிழ்த்து, ஒரு தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

அக்டோபர் 19 தேதியிட்ட கடிதம். ஆங்கிலத்தில் ஐந்து வரி. குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்படி பதவிக்கான தன் விண்ணப்பத்தைத் தானே மனமுவந்து திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், இனி இது குறித்துக் கோரிக்கை எதுவும் எழுப்பப்போவதில்லை என்றும். கீழே அவள் கையெழுத்து. போலியில்லை. அவளே போட்டது.

தாளின் எழுத்துகளில் சின்ன 'a' ஒவ்வொன்றும் வரியைவிட்டுக் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. வட்டத்து நோட்டீஸ்களிலும் அப்படித்தான் நிற்கும். வீட்டில், தங்கத்தின் கட்டிலுக்கடியில் இருக்கிற பழைய டைப்ரைட்டர்.

கையெழுத்துக்கு இடப்பக்கம் தாள் லேசாகச் சொரசொரத்திருந்தது. பென்சில் பெருக்கல் குறியை ரப்பரால் அழித்த இடம்.

அந்த வீட்டில் எல்லாக் காகிதத்தையும் மாணிக்கவாசகம்தான் எழுதுவார். ரேஷன் கார்டு, மருத்துவ அட்டை, மகளின் பள்ளிக்கூடப் படிவம், பூங்கோதையின் விடுப்பு மனுகூட. விதிகளை அவள் அறிந்த அளவு அவர் அறியமாட்டார். ஆனாலும் ஆங்கிலம் என்றால் தன் நடைதான் நடை என்பது அவர் எண்ணம். எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைத்து நீட்டுவார். அவள் குறிகளைத் தேடிப் போட்டுக்கொண்டே போவாள். பிறகு அவர் உட்கார்ந்து அழிப்பார். பதினாறு வருட வழக்கம். அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லீவ் பயணப்படி படிவங்கள் என்று ஒரு கத்தை கொண்டுவந்தார். மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு, பீரோக் கதவின் மேல் தாளை வைத்து, நின்றபடியே ஆறு இடத்தில் போட்டாள்.

பிறர் காகிதத்தில் காற்புள்ளி இடம் மாறினால்கூடத் திருப்பி அனுப்புகிறவள் அவள்.

"கையெழுத்து உங்களுடையதுதானே?" என்றார் சப்ரா.

"என்னுடையதுதான். கடிதம் என்னுடையது இல்லை."

சப்ரா கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மனம் மாறிவிட்டது என்றால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்குத் தெரியாமல் வந்த கடிதம் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். எப்படி வந்தது, யார் தயாரித்தது, எல்லாம். மூன்று மணிக்குள் கொடுத்தால் போர்டிடம் நான் வைக்கிறேன். நான்கரை வரை உட்காருவார்கள். ஆனால் யோசித்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் யாராவது இதில் இருந்தால், நகல் அவருடைய துறைக்குப் போகும். அதை நான் தடுக்க முடியாது."

*

முதலில் நேரு பிளேஸுக்கு போன் செய்தாள். தங்கத்தைக் கூப்பிட்டு வர நான்கு நிமிடம் ஆயிற்று.

"தங்கம், அக்டோபர்ல எனக்கு ஒரு லெட்டர் அடிச்சியா?"

மறுமுனையில் டைப்ரைட்டர்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"மதினி... நீங்கதான் வேண்டாம்னுட்டியன்னு அண்ணன் சொன்னாவ. நான் நம்பித்தான் அடிச்சேன். சத்தியமா."

"பொறவு?"

"பொறவு நீங்க காலையில தெனமும் கண்ணாடி முன்னால நின்னிய. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"மூணு வாரம், தங்கம்."

"அண்ணன் சொல்லக் கூடாதுன்னாவ. பாளையங்கோட்டைக்காரவ தை மாசம் வாரதா இருக்காவ, இப்பம் வீட்டுக்குள்ள சண்டைன்னு வெளிய தெரிஞ்சா..."

"சரி. வையி."

பிறகு கணவருக்கு போன் செய்தாள். "என் ஆபீசுக்கு வாங்க. உடனே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒன்றேகால் மணிக்கு அவர் வந்தார். மதிய உணவு நேரம். நவம்பர் வெயிலுக்காக அலுவலகம் முழுவதும் புல்வெளியில் இறங்கியிருந்தது. பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். வேர்க்கடலைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் எங்கும் கிடந்தன. சுவரோரம் ஒதுங்கி, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

"என்னாச்சு? பேரக் கூப்பிடலயா?" என்றார் மாணிக்கவாசகம். "நான் அப்பவே நெனச்சேன். ஆபீஸ் பாலிடிக்ஸ். வேற ஆளுக்கு முடிவு செஞ்சிருப்பானுவ. நீ மனசு விட்ராத."

அவர் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நடிப்பு. வருத்தம்கூட அதில் உண்மையாக இருப்பதுபோலத் தெரிந்தது.

"லெட்டரப் பாத்தேன்" என்றாள்.

"எந்த லெட்டர?"

"நீங்க எழுதுன லெட்டர. தங்கம் அடிச்சது. நான் கையெழுத்துப் போட்டது."

கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை அவர் புல்லில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"யாரு காட்டுனா?"

"நான் போயிக் கேட்டேன்."

"நீயா? சப்ரா ரூமுக்கா?"

"ஆமா."

"நீ போயிக் கேப்பேன்னு நான் நெனக்கல" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

பக்கத்து வட்டத்தில் யாரோ யாரிடமோ ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி குறைக்க வேண்டும் என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் செஞ்சிய?"

"ஹைதராபாத்து நாலு மாசம். வள்ளிக்குப் பரீச்ச. தங்கத்துக்குக் கல்யாணம். வீடு என்னத்துக்கு ஆகும்? நீயே சொல்லு."

"இதெல்லாம் ஜூன்லயே தெரியும். அப்பம் போடுன்னு நீங்கதான் சொன்னிய."

"கால் லெட்டர் வரும்னு யாரு கண்டா?"

"வந்த பொறவு எங்கிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா? சண்ட போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேள சரின்னும் சொல்லியிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளினார்.

"பூங்கோத, நெசமாச் சொல்லுதேன், கோவப்படாத. போர்டுல மூணு பேரு. நீ அங்க போயி உக்காந்து, அந்த வழியனுப்பு விழாவுல நின்ன மாரி நின்னுட்டன்னு வையி. ஒனக்கு அவமானம். சரி, அது ஒன்னோட. எனக்கு? நாப்பது பேரு நம்பி வாராவ. 'சொந்தப் பொண்டாட்டிக்கே பலிக்கலயே'ன்னு கேக்க மாட்டாவளா? தங்கத்துக்குப் பாத்திருக்க எடமே அந்தக் கூட்டத்துலதான் வந்துது. நீ போகாட்டா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆபீஸ்ல சதி பண்ணிட்டானுவன்னு சொல்லிக்கிடலாம்."

"நேத்து மேடையில ஏத்துனியளே. அப்பமே லெட்டர் குடுத்து மூணு வாரம் ஆச்சு."

"அது... சனங்களுக்கு ஒரு உதாரணம் வேணும்."

"அப்ப நீங்க ஒரு நாளுகூட நம்பல. எனக்கு வரும்னு."

"அது ஒன் மனசுக்கு நல்லதுன்னுதானே சொல்லச் சொன்னேன். சும்மா இருக்கதுக்கு அது மேல்தான?"

பூங்கோதை எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். அவர் செய்தது மோசடி என்பது அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மோசடியை விதியால் தீர்க்கலாம். எந்த விதி என்றுகூட அவளுக்குத் தெரியும். காலை ஐந்தே முக்கால் மணியிலிருந்து வாசற்படியில் டீ டம்ளரோடு நின்று, 'கண்ணப் பாத்துச் சொல்லு' என்று திருத்திக்கொண்டிருந்த மனிதருக்கு, அவள் சொன்னதில் ஒரு வார்த்தையின் மேலும் நம்பிக்கை இருந்ததில்லை. அவள்தான் நம்பியிருக்கிறாள். அவரையும் சேர்த்து.

"மூணு மணிக்குள்ள எழுதிக் குடுத்தா கூப்பிடுவாங்களாம்" என்றாள்.

அவர் அவசரமாக எழுந்தார். "எழுது, தாராளமா எழுது. நான் வேண்டாம்கல. ஆனா யாரோ தெரியாம அனுப்பிட்டாங்கன்னு எழுது. என் பேரு வேண்டாம். இருவது வருச சர்வீஸ் பூங்கோத. டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சா சார்ஜ் ஷீட்டுதான். ஒனக்கு ரூல் தெரியாதா?"

"தெரியும்."

"நான் டிராஃப்ட் போட்டுத் தாரேன். ரெண்டு நிமிசம்."

"வேண்டாம்" என்றாள்.

*

தன் மேஜையில் உட்கார்ந்து, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதினாள். கணவர் நடை போல இல்லை. வாக்கியங்கள் சின்னதாக இருந்தன. 'யாரோ' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். யாரோ எப்படி அவள் கையெழுத்தை வாங்க முடியும் என்று சப்ரா கேட்பார். அவள் இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்க்கும் மாணிக்கவாசகம்தான் டிராஃப்ட் போட்டுத் தருவார். அந்தத் தாளைக் கிழித்தாள்.

இரண்டாவது தாளில் கடிதத்தைத் தயாரித்தவர் பெயரையும் பதவியையும் எழுதினாள். டைப் அடித்தவருக்கு விஷயம் தெரியாது என்று எழுதினாள். அடித்த நேரத்தில் அது உண்மை. 'படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு' என்று கடைசி வரி. மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு ஐம்பதுக்குச் சப்ராவிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்கள் கணவரா?"

"ஆமாம்."

"இதை இப்போது வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்."

"பதிவு செய்துவிடுங்கள், சார்."

மூன்று ஐம்பதுக்கு எட்டாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்துகொண்டிருந்த ஜலஜா, "நடுவுல உக்காந்திருக்கறவர் கொஞ்சம் டமாரச் செவிடு. சத்தமாப் பேசு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து கேள்விகள் கேட்டார்கள். நான்குக்குப் பதில் சொன்னாள். ஐந்தாவதற்குத் தெரியாது என்றும், எந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியும் என்றும் சொன்னாள். உள்ளே பதினெட்டு நிமிடம் இருந்தாள். முதல் ஐந்து நிமிடம் கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள். முடிவு வெள்ளிக்கிழமை என்றார்கள்.

*

வீட்டுக்கு வரும்போது ஆறரை. இருட்டிவிட்டிருந்தது. வள்ளி கதவைத் திறந்தாள்.

"ஆச்சா? பேசினியாம்மா?"

"பேசுனேன்."

"சச்சி? முழுசா?"

"முழுசா."

சமையலறை வாசலில் தங்கம் நின்றாள். கண் வீங்கியிருந்தது. "மதினி" என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீ அழாத, தங்கம். நீ அழுதா நான் ஒன்னச் சமாதானம் செய்யணும். இன்னைக்கு என்னால முடியாது."

தங்கம் உள்ளே போய்விட்டாள். பூங்கோதை கைப்பையை ஆணியில் மாட்டினாள். திறக்காத டிபன் டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள்.

மாணிக்கவாசகம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்து அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் மகள் சொன்னது காதில் விழுந்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"கூப்பிட்டாங்களா? பேசிட்டியா? கண்ணப் பாத்தா?"

"ஆமா."

"தொண்ட அடைக்கல?"

"அடைக்கல."

"பாத்தியா!" என்று தொடையில் தட்டினார். "அப்ப பலிச்சிருக்கு! நான் சொல்லல, அஞ்சு மாசத்துல மனச மாத்திரலாம்னு? பூங்கோத, நடந்தத விட்ரு. எம் மேல தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா இது எவ்வளவு பெரிய விசயம்! வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நீ வந்து வட்டத்துல இத அப்பிடியே சொல்லணும். நீ பேசுனா போதும், நான் பேசவே வேண்டாம்."

வள்ளி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுதேன்" என்றாள் பூங்கோதை. "அந்த லெட்டரப் பத்தியும் சொல்லவா?"

வெளிச்சம் போயிற்று.

"என்ன எழுதிக் குடுத்த?" என்றார், மெதுவாக.

"நடந்தத எழுதுனேன்."

"என் பேரு?"

"எழுதியிருக்கேன். பதவியும்."

"அத வாபஸ் வாங்கிரலாம்லா? நாளைக்குக் காலையில போனா... சப்ராகிட்ட நானே வாரேன்..."

"என்னைய வாபஸ் வாங்க வச்சது போதும்" என்றாள்.

வள்ளி, "என்ன லெட்டர்? அப்பா, க்யா ஹுவா?" என்று கேட்டாள். பதில் சொல்ல மாணிக்கவாசகம் வாயைத் திறந்தார். நாற்பது பேரை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறவர். ஒரு வார்த்தை வரவில்லை.

பூங்கோதையின் கடிதம் அன்று மாலை ஐந்து பத்துக்கு அனுப்புகைப் பதிவேட்டில் ஏறியிருந்தது. அதன் நகல் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு மாணிக்கவாசகத்தின் அமைச்சகத்தில் பெறப்பட்டது. அன்று அவர் விடுப்பில் இருந்தார்.